திருநம்பியாக இருப்பது மனநோயா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்

மல்லிகைப்பந்தல்:

எங்கள் அண்ணன் பிள்ளைக்கு 20 வயது. பெண் பிள்ளையாகத்தான் வளர்த்தோம். போன வருஷம், தான் ஒரு ஆண் என்று வீட்டில் சொல்லிவிட்டான். அண்ணன் கோபப்படவில்லை, பயந்துவிட்டார், உடனே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். அவர் இது மனக்கோளாறு, மாத்திரை தருகிறேன், சீக்கிரம் ஒரு வரன் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நானே வேறொரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இவர் இது நோயே இல்லை என்றார், ஆனால் கொடுத்த சீட்டில் எஃப் 64.0 என்று எழுதியிருக்கிறார். தேடிப் பார்த்தால் எஃப் வரிசை முழுக்க மனநோய்கள்! அண்ணன் அந்தச் சீட்டை நீட்டி, "நோய் இல்லையென்றால் நோய்க்கான நம்பர் எதற்கு?" என்று கேட்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட்டூட்டி:

மனநல மருத்துவத்தில் முதுகலை படிக்கிறேன். உங்கள் இரண்டாவது மருத்துவர் சொன்னது சரி. அவர் எழுதிய எண் மட்டும் பழையது. அது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-யின் பத்தாம் பதிப்பில் (ஐசிடி-10) உள்ள எண், அந்தப் பட்டியல் 1990-இல் ஏற்கப்பட்டது. பல மருத்துவமனைகளில் இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த பதிப்பான ஐசிடி-11-ஐ 2019 மே மாதம் ஏற்றார்கள், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இதை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் நலம் சார்ந்த தனி அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டார்கள். புது எண் எச்ஏ60. ஏன் மொத்தமாக நீக்கவில்லை என்றால், ஹார்மோனோ அறுவை சிகிச்சையோ வேண்டும் என்பவருக்கு மருத்துவமனையும் காப்பீடும் ஏதாவது ஒரு எண் கேட்கும், அது இல்லையென்றால் கதவு அடைபட்டுவிடும்.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் மனநோய்க் கையேடான டிஎஸ்எம் வேறு வழியில் போனது. 1980-இல் இதைக் கோளாறு என்று சேர்த்தார்கள். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், அடையாளம் கோளாறு இல்லை, அதையொட்டி ஒருவருக்கு வரும் கடும் மனவேதனையைத்தான் கணக்கில் எடுக்கிறோம் என்று மாற்றினார்கள். ஆனாலும் அது மனநோய்ப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. இந்தக் குழப்பம்தான் உங்கள் வீடு வரைக்கும் வந்திருக்கிறது.

முதல் மருத்துவர் சொன்னதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருவர் தன்னை ஆண் என்று உணர்வதை மாற்றும் மாத்திரை உலகத்தில் கிடையாது. தூக்கமின்மை, மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து கொடுக்கலாம், அது வேறு விஷயம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரி "மாற்றிக் காட்டும்" சிகிச்சையைத் தடை செய்யச் சொன்னது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. தயவுசெய்து அந்த மாத்திரை என்னவென்று வேறு மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கரிசல்காட்டான்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்குப் பதினாறு வயதிலிருந்து ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய். "நாங்கள் ஒன்றும் மனநோயாளிகள் இல்லை" என்று மேடை போட்டுச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம், அப்போது என் தம்பி கேவலமா என்றுதான் தோன்றுகிறது. நோய் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அப்புறம், போராட்டம் நடத்தினார்கள், அதனால் பட்டியலிலிருந்து எடுத்தார்கள் என்கிறார்களே, அது மருத்துவமா அரசியலா?

சமயபுரத்தாள்:

நான் திருநங்கை. கரிசல்காட்டான் அண்ணே, உங்கள் தம்பி கேவலமில்லை, அப்படி யார் பேசினாலும் அது தப்பு. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். சிகிச்சை கிடைத்தால் உங்கள் தம்பிக்குக் குரல்கள் கேட்பது குறையும், அவர் அவராகத் திரும்பி வருவார். எங்களுக்கு இதையே நோய் என்று வைத்தால், குணமாவது என்றால் நான் நானாக இல்லாமல் போவது. என் வீட்டில் பூசாரியிடமும் கூட்டிப் போனார்கள், டாக்டரிடமும் கூட்டிப் போனார்கள், இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்யப் பார்த்தார்கள்.

அரசியல் மட்டும் என்பதும் சரியில்லை. மெக்சிகோ நகரத்தில் 250 திருநர்களிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அவர்களுடைய மனவேதனைக்கும் வாழ்க்கை முடங்கியதற்கும் காரணம் எது என்று பார்த்தால், பாலின அடையாளத்தை விட, ஒதுக்கப்பட்டதும் அடிபட்டதும்தான் முன்னே நின்றன. 76 சதவீதம் பேர் ஒதுக்கப்பட்டிருந்தார்கள், 63 சதவீதம் பேர் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். இந்தியா உட்பட வேறு சில நாடுகளிலும் அதே மாதிரி ஆய்வு செய்தார்கள்.

ஆனால் நைட்டூட்டி சொன்ன "கதவு" எனக்கு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. ஆபரேஷனுக்கு மனநல மருத்துவர் கடிதம் வேண்டுமென்றார்கள். அவர் கேட்டது என்ன தெரியுமா? சின்ன வயதில் பொம்மை வைத்து விளையாடினாயா, எந்த வயதில் முதலில் பொட்டு வைத்தாய், ஆம்பளை யாரையாவது பிடித்திருக்கிறதா. பிடிக்கவில்லை என்று சொன்னால் கடிதம் கிடைக்காது என்று மூத்தவர்கள் முன்னாடியே சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். மனசு திறந்து பேச வேண்டிய இடத்தில் பரீட்சை மாதிரி விடை ஒப்பித்துவிட்டு வந்தேன். எண் எந்த அத்தியாயத்தில் இருந்தால் என்ன, சாவி இன்னொருவர் கையில்தானே இருக்கிறது? அர்ஜென்டினாவில் 2012-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், எந்த மனநலச் சான்றும் இல்லாமல் பெயரும் பாலினமும் மாற்றிக்கொள்ளலாம், சிகிச்சை செலவும் காப்பீட்டில் வரும். ஆக, நோய் என்று எழுதினால்தான் சிகிச்சை என்பது விதியில்லை.

நைட்டூட்டி:

நீங்கள் பட்டதை மறுக்க எனக்கு வாயில்லை. கடிதம் எழுதும் மருத்துவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, இவருக்கு இந்தச் சிகிச்சையின் விளைவுகள் புரிகிறதா, சுயமாக முடிவெடுக்கிறாரா என்பதைத்தான். திருநர் சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதலிலேயே முன்பு சில அறுவை சிகிச்சைகளுக்கு இரண்டு கடிதம் கேட்டார்கள், 2022 பதிப்பில் ஒன்று போதும் என்றார்கள். இங்கே இன்னும் பல இடங்களில் இரண்டு கேட்கிறார்கள்.

ஐசிடி-11-இல் எனக்கும் ஒரு சண்டை இருக்கிறது. குழந்தைகளுக்கென்று எச்ஏ61 என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். பருவம் எட்டாத பிள்ளைக்கு மருந்தும் கிடையாது, அறுவையும் கிடையாது. அப்புறம் அந்த எண்ணால் பிள்ளைக்கு என்ன லாபம்? அதையும் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கரிசல்காட்டான்:

சமயபுரத்தாள் தங்கச்சி, குணமாவது பற்றிச் சொன்னீர்களே, அதை நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் "மனநோய் இல்லை" என்பதையே முதல் வாதமாக வைக்காதீர்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "சரி, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார். பையன் வேறு அந்த எஃப் எண்ணால் நாளைக்கு வேலைக்குப் போகும்போது பிரச்சினை வருமோ என்று பயப்படுகிறான்.

நைட்டூட்டி:

நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், இரண்டாவது மருத்துவரிடமே கேளுங்கள். அப்படியே சீட்டில் எச்ஏ60 என்று மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் பையனிடம் காட்டுங்கள். எது மனநோய் என்பதை ஐசிடியின் சமீபத்திய பதிப்பு போன்ற, ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்படிதான் தீர்மானிக்க வேண்டும் என்றும், ஊர் உலகத்தின் ஒழுக்க வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று சொல்லக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. மாத்திரை பெயரை இங்கே போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.