பந்திக்கு மறுநாள் வாந்தி, பேதி: டெல்டாவில் நோரோ, காமாலை கண்காணிப்பு – அனுபவப் பகிர்வு

வெண்ணாற்றங்கரை (சுகாதார ஆய்வாளர்)

வைகாசி முகூர்த்தம் வரிசையாக வருகிறது. கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஊரில் வாந்தி, பேதி என்று தகவல் கிளம்பினால் எல்லோரும் முதலில் தேடுவது அண்டாவில் மிச்சமிருக்கும் சாம்பாரைத்தான். உணவு மாதிரி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் வைரஸ் என்றால் பதில் நோயாளியின் மலத்தில்தான் இருக்கிறது. அதை எடுக்கக் கிடைப்பது இரண்டு மூன்று நாள். களம், லேப், தண்ணீர்த் தொட்டி, சமையல்கூடம் என்று எங்கே வேலை பார்த்தாலும் அங்கே பார்த்ததை எழுதுங்கள். மண்டபப் பெயர், ஆள் பெயர் வேண்டாம்.

முதலில் கேட்க வேண்டியது மணிக்கணக்கு. எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், முதல் வாந்தி எத்தனை மணிக்கு? "நேத்து ராத்திரி" என்று படிவத்தில் எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. சாப்பிட்டு 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் நச்சு ஏற்கெனவே சாப்பாட்டில் இருந்திருக்கிறது. ஸ்டாஃபைலோகாக்கஸாக இருக்கலாம், வடித்துக் கொட்டி மணிக்கணக்கில் மூடிவைத்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸாகவும் இருக்கலாம்; இரண்டும் பாக்டீரியா. 8 முதல் 16 மணியில் வயிற்று வலியும் பேதியும் வந்து வாந்தி அதிகமில்லை என்றால் பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறிய கறியைச் சந்தேகப்படலாம்; அது பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வேலை.

வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோவைரஸின் போக்கு வேறு. 24 முதல் 48 மணி கழித்து ஆரம்பிக்கிறது (சிலருக்கு 12 மணியிலேயே), பாதிப் பேருக்கு மேல் வாந்தி, 12 முதல் 60 மணி நேரத்தில் தானாக அடங்குகிறது, மலக் கல்ச்சரில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை. இந்த நான்கும் பொருந்தினால் லேப் முடிவுக்குக் காத்திருக்காமல் வைரஸ் என்றே வேலையைத் தொடங்கலாம். 1982-ல் வெளியான காப்லான் அளவுகோல் இது. பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) கைக்கு எட்டாத இடத்தில் இன்னமும் உபயோகமானது.

லைன் லிஸ்டில் (விசாரித்த ஒவ்வொருவரையும் வரிசையாகக் குறிக்கும் பட்டியலில்) தவறாமல் விட்டுப்போவது சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்கள். அவர்கள் இல்லாமல் எந்தப் பதார்த்தம் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு கணக்கு பாருங்கள்: நீர்மோர் குடித்த 80 பேரில் 48 பேருக்கு நோய், அதாவது 60 சதவீதம். குடிக்காத 40 பேரில் 6 பேருக்கு, 15 சதவீதம். நான்கு மடங்கு வித்தியாசம். சாம்பாரில் இரண்டு பக்கமும் 45 சதவீதம் போல வந்தால் சாம்பாரை விட்டுவிடலாம். நோயாளிகளிடம் மட்டும் கேட்டால் எல்லோரும் சாம்பார் சாப்பிட்டிருப்பார்கள், பழி அதன் தலையில் விழும்.

கல்யாணத்துக்கே வராத பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் இரண்டு நாள் கழித்து வாந்தி வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் அந்த இரண்டாவது அலை நச்சுணவில் வராது.

குளிர்பெட்டி (ஆய்வக நுட்புநர்)

வெண்ணாற்றங்கரை அண்ணன் சொன்ன மலத்துக்கே வருகிறேன். லேபுக்கு வந்து சேருவதில் பாதி ஸ்வாப் (பஞ்சுக்குச்சி). காரி-பிளேர் (பாக்டீரியாவைச் சாகாமல் வைக்கும் ஊடகம்) குழாயில் போட்ட ஸ்வாப் காலராவுக்கும் ஷிகெல்லாவுக்கும் சரி. வைரஸுக்கு வேண்டியது முழு மலம். ஒன்றும் சேர்க்காமல், மூடி இறுக்கமான சுத்தமான டப்பாவில் 10 மில்லியாவது வேண்டும். ஃபார்மலின் ஊற்றி அனுப்பினால் பிசிஆருக்குப் பயன்படாது. பினாயில், பிளீச்சிங் ஊற்றிய கழிப்பறைப் பீங்கானிலிருந்து வழித்து எடுப்பதும் வீண். நோயாளியிடம் முந்தின நாளே டப்பாவும் ஒரு பாலித்தீன் தாளும் கொடுத்துவிடுவதுதான் வழி.

எத்தனை பேரிடம்? நோய் தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் இருக்கும் ஐந்து பேரிடமாவது. நோயே இல்லாதவர் மலத்திலும் நோரோ தென்படும், தேறியவர் வாரக்கணக்கில் வெளியேற்றிக்கொண்டிருப்பார். அதனால் ஒரு பாசிட்டிவை வைத்துப் பரவலுக்குக் காரணம் இதுதான் என்று எழுத முடியாது, இரண்டாவது வேண்டும். வைத்திருக்க வேண்டிய சூடு 2 முதல் 8 டிகிரி. ஐஸ் பேக்கோடு டப்பா நேரடியாக ஒட்டி உறைந்துவிடாமல் நடுவில் அட்டை வையுங்கள், ஏனென்றால் அதே மலத்தில் கல்ச்சரும் போட வேண்டியிருக்கும். டப்பா, அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாவது உறை, அதற்கு மேல் கெட்டியான பெட்டி. லேபிளில் நோய் தொடங்கிய நேரமும் மாதிரி எடுத்த நேரமும் தனித்தனியாக இருக்க வேண்டும். லைன் லிஸ்ட் எண் டப்பாவில் இல்லையென்றால் அந்த முடிவை யாருக்கும் பொருத்த முடியாது.

லேபில் 10 சதவீதக் கரைசல் செய்து, சுழற்றி, மேலே தெளிந்ததில் ஆர்என்ஏ (வைரஸின் மரபுப்பொருள்) பிரித்து ஆர்டி-பிசிஆர் போடுகிறோம். மலத்தில் பிசிஆரைத் தடுக்கும் சரக்கு நிறைய. உள்கட்டுப்பாடு (சோதனை சரியாக ஓடியதா என்று பார்க்கச் சேர்ப்பது) வரவில்லை என்றால் நெகட்டிவ் என்று எழுதிவிடாமல் பத்துக்கு ஒன்றாக நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். சிடி மதிப்பு குறைவாக, அதாவது வைரஸ் நிறைய இருக்கும் மாதிரியை வரிசைப்படுத்தலுக்கு (வைரஸின் மரபணு வரிசையைப் படிப்பதற்கு) ஒதுக்கி மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். சிடி 35 வந்த மாதிரியில் வரிசை கிடைப்பது அபூர்வம்.

அரசலாறு (கிராம சுகாதார செவிலியர்)

குளிர்பெட்டி சார், கைக்குழந்தைக்கு டயப்பர்தான் கட்டியிருக்காங்க. அதிலேர்ந்து எடுக்கலாமா?

குளிர்பெட்டி

ஜெல் உறிஞ்சிடும்மா. டயப்பருக்குள்ளே பாலித்தீன் தாள் விரிச்சு அதில் தங்குவதை ஸ்பூனால் எடுங்க. வேறு வழியே இல்லையென்றால் ஸ்வாப், ஆனால் காரி-பிளேர் இல்லாமல் தனிக் குழாயில். வாந்தியையும் டப்பாவில் எடுக்கலாம், மலம் கிடைக்காதபோது அதுவும் உதவும்.

கடைமடை (தொட்டி ஆபரேட்டர்)

எல்லாரும் சாப்பாட்டைப் பத்தியே பேசுறீங்க. மண்டபத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் கடைசித் தெருவுக்கு வர்றப்ப குளோரின் இருக்காது. மண்டபத்துல போட்ட ஆழமில்லாத போர் செப்டிக் டேங்க் பக்கத்துலயே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில நம்ம பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிக்குது, ரெண்டும் கலக்குறதுக்கு வேற என்ன வேணும்?

60,000 லிட்டர் தொட்டிக்குக் கணக்கு சொல்றேன். 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வேணும்னா சுத்தக் குளோரின் 120 கிராம். பவுடர்ல 25 சதவீதம் இருக்குன்னு வச்சா 480 கிராம் பவுடர். புது மூட்டைல 33 சதவீதம் இருக்கும், மழைக்காலத்துல வாயைத் திறந்து வச்சா சீக்கிரமே இறங்கிடும். மணமே இல்லாத பவுடரை எத்தனை கரண்டி போட்டாலும் சுண்ணாம்புதான். வாளியில கரைச்சு, தெளிய விட்டு, தெளிஞ்சதை மட்டும் ஊத்தணும். அரை மணி நேரம் கழிச்சுத்தான் வால்வைத் திறக்கணும்.

சோதனை தொட்டிக்குக் கீழே இருக்கற குழாயில செய்யறதுல புண்ணியமில்ல. கடைசித் தெரு, கடைசி வீடு. அங்க 0.2 பிபிஎம் இருந்தா சாதாரண நாளைக்குச் சரி. வைரஸ் பயம் இருந்தா 0.5 இருக்கணும்னு இந்தியக் குடிநீர்த் தரம் 10500-லயே போட்டிருக்கு, இது பலருக்குத் தெரியல. குளோரின் பாக்கற ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டா உடனே, பத்து செகண்டுக்குள்ள நிறத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா வீரியம் குறைஞ்ச கட்டுண்ட குளோரினும் சேர்ந்து மஞ்சளாக் காட்டும், நல்லா இருக்குன்னு ஏமாந்துடுவீங்க.

இன்னொண்ணு. வீட்டுக்கு வீடு குழாயில மோட்டாரை மாட்டி உறிஞ்சுறாங்க. பம்பு நின்ன நேரத்துல உடைஞ்ச ஜாயின்ட் வழியா சாக்கடைத் தண்ணி உள்ள வரும். ஹெச்2எஸ் பாட்டில் (தண்ணியில மலக்கழிவு பாக்டீரியா இருந்தா கறுக்கற சோதனை) கறுக்கலைன்னா பாக்டீரியா இல்லைன்னு வேணா சொல்லலாம். குளோரினுக்கு கோலிஃபார்ம் சீக்கிரம் சாகும், வைரஸ் தாங்கும்.

பெரிய அண்டா (கல்யாணச் சமையல்)

எங்களைத் திட்டுவீங்கன்னு நினைச்சேன். கொதிக்கிற ரசத்துல எதுவும் பிழைக்காது. சிக்கல் அடுப்பை விட்டு இறக்கினதுக்கு அப்புறம் கை படுறதுல. வெள்ளரிப் பச்சடி, தேங்காய்ச் சட்னி, நறுக்கின பழம், நீர்மோர், அதுல போடுற ஐஸ். சப்ளை பையனுக்கு முந்தின நாள் வயிறு சரியில்லைன்னா, நின்னு 48 மணி நேரம் ஆகுற வரைக்கும் பந்திப் பக்கம் விடக் கூடாது. பாத்திரம் தூக்க, பந்தல் பிரிக்க அனுப்புங்க. சானிடைசரை நம்பாதீங்க, நோரோவுக்கு அது அவ்வளவா எடுபடாது. சோப்பும் ஓடுற தண்ணியும்தான்.

பந்தியில யாராவது வாந்தி எடுத்தா துடைப்பத்தால தள்ளிக் குழாய்த் தண்ணி அடிக்கிறாங்க. அதைவிட மோசமான வேலை இல்லை, துளி பறந்து பக்கத்து இலையில விழும். ஆளை விலக்கி, திறந்திருக்கிற பதார்த்தத்தை எல்லாம் கொட்டி, பழைய துணியைப் போட்டு மூடி, அதன் மேல 10 லிட்டர் தண்ணிக்கு 170 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்குல கரைச்சதை ஊத்துங்க. பவுடர்ல 30 சதவீதம் குளோரின் இருந்தா அது சுமார் 5,000 பிபிஎம். பத்து நிமிஷம் ஊறவிட்டு கையுறையோட அள்ளிப் பையில கட்டணும். மேசை, கைப்பிடி, குழாய்த் திருகுக்கு 10 லிட்டருக்கு 35 கிராம் போதும். அன்னன்னைக்குக் கரைச்சது அன்னன்னைக்கே.

பழையாறு (தொற்றுநோயியல்)

இதெல்லாம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்டக் கண்காணிப்பு அலகு, அங்கிருந்து ஐஹெச்ஐபி என்ற இணையத் தளம் வழியாக டெல்லி என்சிடிசி (தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம்). 2004-ல் தொடங்கிய ஐடிஎஸ்பி (ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம்)-யில் வாரம் ஒருமுறை போன எஸ், பி, எல் படிவங்கள் (சுகாதாரப் பணியாளர், மருத்துவர், லேப் நிரப்புபவை) இப்போது அன்றன்றைக்கே ஏறுகின்றன. மருத்துவர் உணவு நச்சு என்று சந்தேகப்பட்டால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-வது பிரிவும் இருக்கிறது. என்சிடிசி-தான் 2007-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிமுறைகளுக்கு இந்தியாவின் தொடர்பு மையம். எல்லை தாண்டும் நிகழ்வு என்று மதிப்பிட்டால் 24 மணி நேரத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். ஏற்றுமதியான உணவில் பிரச்சினை என்றால் உலக சுகாதார நிறுவனமும் எஃப்ஏஓ-வும் (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு) நடத்தும் இன்ஃபோசான் என்ற தகவல் வலையமைப்பு வழியாக நாடுகளுக்குப் போகும்.

ஆனால் நோரோவின் உலக வரைபடம் இந்தச் சட்ட வழியில் உருவானதில்லை. லேப்கள் வைரஸ் வரிசைகளை விருப்பத்தில் பகிர்ந்து உருவானது. ஐரோப்பாவில் 1999-ல் தொடங்கிய உணவுவழி வைரஸ் வலையமைப்பு, பின்னாளில் நெதர்லாந்தின் பொது சுகாதார நிறுவனமான ஆர்ஐவிஎம் ஒருங்கிணைத்த நோரோநெட், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2009-ல் தொடங்கிய காலிசிநெட் எல்லாம் அப்படி வந்தவை. 2002-ல் பல நாடுகளில் ஒரே சமயத்தில் வாந்தி, பேதி கூடியபோது, நோரோவின் ஜிஐஐ.4 என்ற மரபணு வகையில் புதிய ரகம் பரவுவதை அந்த வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கண்டார்கள். இப்போது பாலிமரேஸ் (நகலெடுக்கும் நொதி), கேப்சிட் (வெளியுறை) மரபணுக்களின் இரண்டு பகுதியையும் சேர்த்துப் பெயரிடுகிறார்கள்: ஜிஐஐ.4 சிட்னி [பி16] என்பது போல. இரண்டில் ஒன்று மாறினாலும் ரகம் வேறு.

2012 செப்டம்பர் இறுதியில் ஜெர்மனியின் கிழக்கு மாநிலங்களில் பள்ளி, குழந்தைகள் காப்பகங்களில் சுமார் 11,000 பேர் நோயுற்றார்கள். கடைசியில் சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரியின் ஒரே தொகுதியில் போய் நின்றது. பல சமையல்கூடங்களில் பழத்தைச் சரியாகச் சூடாக்கவில்லை. வெண்ணாற்றங்கரை சொன்ன அதே கணக்கு, யார் எதைச் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்பதுதான், முதலில் பழத்தைக் காட்டிக்கொடுத்தது.

நமக்கு இதில் என்ன? மன்னார்குடியில் பகல் பந்தியில் சாப்பிட்டு இரவு திருச்சியில் விமானம் ஏறுபவருக்கு வாந்தி ஆரம்பிக்கும்போது அவர் சிங்கப்பூரில் இருப்பார். அங்கே மலம் எடுத்து வரிசைப்படுத்தி விடுவார்கள். இங்கே ஐந்து டப்பா எடுக்காததால் ஒப்பிட நம் பக்கம் ஒன்றும் இருக்காது. வயநாட்டில் 2021 நவம்பரில் கால்நடைக் கல்லூரி மாணவர்களுக்கு நோரோ உறுதியானது மலம் லேபுக்குப் போனதால்தான். வாந்தியும் பேதியும் அங்கே மட்டும் வந்ததில்லை.

வெண்ணாற்றங்கரை

பழையாறு சார், உணவு மாதிரியிலேயே வைரஸ் பார்க்க முடியாதா?

பழையாறு

முறை இருக்கிறது, ஐஎஸ்ஓ 15216. ஆளி, மட்டி, மென்பழம், கீரை, பாட்டில் தண்ணீர் ஆகியவற்றுக்கும் பாத்திர மேற்பரப்புக்கும் வகுத்தது. சாம்பார், பிரியாணிக்கு இல்லை. உணவில் வைரஸ் பெருகாது, தொட்டுப்போன அளவுதான் இருக்கும்; நோயுண்டாக்க மிகச் சில துகள் போதும் என்பதால் தேடவும் கஷ்டம். உணவு மாதிரியைத் தஞ்சாவூர் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்புங்கள், பாக்டீரியாவும் கலப்படமும் தெரியும். அங்கே "பாதுகாப்பானது" என்று வந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள்.

அரசலாறு

காமாலைக்கும் இதே வழியா?

பழையாறு

இல்லை. ஹெபடைடிஸ் ஏ 15 முதல் 50 நாள் கழித்து வரும், சராசரி 28. யாருக்கும் ஒரு மாதத்துக்கு முன் சாப்பிட்டது ஞாபகமிருக்காது. மண்டபப் புத்தகத்தில் தேதி பார்த்துத்தான் கேட்க வேண்டும். கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில்தான் மலத்தில் வைரஸ் அதிகம். அதனால் இதற்கு இரத்தம் எடுத்து ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பாருங்கள். சீரம் பிரித்து 2–8 டிகிரியில் அனுப்பினால் அதிலிருந்தே வரிசையும் கிடைக்கலாம். 1988-ல் ஷாங்காயில் அரைவேக்காட்டு மட்டியால் சுமார் 3 லட்சம் பேருக்குக் காமாலை வந்தது. மட்டியின் உள்சதை 85–90 டிகிரியில் 90 விநாடியாவது இருக்க வேண்டும், வாய் திறந்ததும் இறக்கினால் போதாது.

பெரியவர்களுக்குக் கூட்டமாகக் காமாலை என்றால் ஏ-யோடு நிற்காமல் ஹெபடைடிஸ் ஈ-யும் கேளுங்கள். நம் பக்கம் பெரும்பாலோருக்கு ஏ சிறுவயதிலேயே வந்துபோயிருக்கும். 1955-56 டெல்லிப் பரவலில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை. குடிநீரில் கழிவு கலந்து வந்தது, அது ஈ என்று பின்னாளில் தெரிந்தது. கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளுக்கு உயிருக்கே ஆபத்து. எனவே அந்தத் தெருவின் கர்ப்பிணிப் பதிவேட்டை அன்றைக்கே எடுத்து, வீடு வீடாகப் போய்க் கண்ணைப் பாருங்கள்.

காமாலைக்காரர்கள் பலர் நம்மிடம் வருவதில்லை, கீழாநெல்லி கொடுக்கும் வைத்தியரிடம் போகிறார்கள். வாரம் ஒருமுறை அவரிடம் போய் இந்த வாரம் எத்தனை பேர், எந்தத் தெரு என்று கேட்டு எஸ் படிவத்தில் ஏற்றிவிடுங்கள். மருந்தைப் பற்றி விவாதம் பண்ணாமல் கேட்டால் சொல்வார்.