பெஞ்ச் பிரஸ் 80 கிலோவில் நின்றுவிட்டது, எதை மாற்றுவது?

பார்பெல்72:
உடல் எடை 72 கிலோ, பயிற்சி ஒன்றரை வருடம். பெஞ்ச் (படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) வாரம் ஒரு நாள், 5 செட் × 5 ரெப் (ஒரு செட்டில் 5 முறை), செட்டுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு. 80 கிலோவில் 5, 5, 4, 3, 3 என்று வருகிறது; இரண்டு மாதமாக மாற்றமே இல்லை. ஸ்குவாட் (தோளில் பாரோடு உட்கார்ந்து எழுவது) ஏறுகிறது. ஜிம்மில் இருப்பதிலேயே சின்ன பிளேட் 2.5 கிலோ. எடையைக் குறைத்து மறுபடி ஏறட்டுமா, புரோகிராமையே மாற்றட்டுமா?

தட்டுக்காரன்:
இரண்டும் வேண்டாம், முதலில் கடிகாரத்தைப் பாருங்க. ஒன்றரை நிமிடத்தில் மூச்சு திரும்பிவிடும், தசை திரும்பாது. கடைசி செட்டுகள் சரிவது பெரும்பாலும் அதனால்தான். அதே 80-ஐ 4 நிமிட ஓய்வோடு அடிங்க. ஐந்து செட்டும் முடிந்தால் அது தேக்கமே இல்லை.

அடுத்த சிக்கல் பிளேட். பக்கத்துக்கு 2.5 போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ, 80-க்கு அது 6 சதவீதத்துக்கும் மேல். ஸ்குவாட்டில் கால் தாங்கும், பெஞ்சில் தோளும் கையும் தாங்காது. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்குங்க. இல்லையென்றால் எடையை விட்டு ரெப்பை ஏற்றுங்க: 80-லேயே 6, பிறகு 7. செட்டுக்கு 7 வந்தால் 85-இல் 5 எடுக்க முடியும். தினம் ஒரே பாரை எடுங்க. 20 கிலோ என்று நம்புவது சில ஜிம்களில் 15-ஆக இருக்கும்.

மெதுஇறக்கம்:
ஓய்வு சரி, ஆனால் வாரம் ஒரு நாள் போதாது. மூன்று நாள் கழித்து இன்னொரு நாள் வைங்க: 65 கிலோ, 4 செட் × 6, ஒவ்வொரு ரெப்பிலும் பாரை மார்பில் 2 விநாடி நிறுத்தி. ரெப் முடியாமல் போகும்போது பார் எந்த உயரத்தில் மாட்டிக்கொள்கிறது?

பார்பெல்72:
மார்பிலிருந்து நாலு விரல் உயரத்தில். உடல் எடை ஆறு மாதமாக அதே 72. டீலோட் (ஒரு வாரம் இலகுவாக அடிப்பது) தேவையில்லையா?

மெதுஇறக்கம்:
அப்படியென்றால் நிறுத்தி அடிப்பதுதான் உங்களுக்கு. மேலே, கை நீளும் இடத்தில் நின்றால்தான் நெருக்கப் பிடியும் (கைகளைப் பக்கத்தில் வைத்துப் பிடிப்பது) டிரைசெப்ஸ் (மேல்கையின் பின்தசை) பயிற்சியும். முழங்கையை உடம்பிலிருந்து 90 டிகிரிக்கு விரிக்காதீங்க, தோள் போகும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இறுக்கி, பாதத்தைத் தரையில் அழுத்தி வைங்க.

சோயாஉருண்டை:
ஆறு மாதமாக எடை ஏறாததை யாருமே பேசவில்லையே! தினம் 250–300 கலோரி கூட்டுங்க. மாதம் அரை முதல் ஒரு கிலோ ஏறினால் போதும். புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், உங்களுக்குச் சுமார் 115. முட்டைக்கு 6 கிராம், காய்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் 25 என்று கணக்குப் போடுங்க. இட்லி சாம்பாரை மட்டும் நம்பினால் எட்டாது.

டீலோட் இப்போது வேண்டாம். ஸ்குவாட் ஏறுகிறதென்றால் உடல் ஒட்டுமொத்தமாகக் களைத்திருக்க வாய்ப்பு குறைவு. வார்ம்-அப் எடையே கனமாகத் தெரிந்து, தூக்கமும் கெட்டால் ஒரு வாரம் செட்டைப் பாதியாக்கி 60 கிலோவில் அடிங்க. வேறெதையும் மாற்றாமல் 70-க்கு இறங்கி ஏறினால் அதே 80-இல்தான் வந்து முட்டுவீங்க.

தட்டுக்காரன்:
எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஓய்வும் சாப்பாடும் இன்றே, இரண்டாவது நாள் மூன்று வாரம் கழித்து. பிடிக்க ஆள் இல்லாத நாளில் பாருக்கு கிளிப் போடாதீங்க. மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைச் சரிய விடலாம்.