உலர்த்தல், தூள் செயலாக்கத் துறை ஆய்வாளரின் மேற்கோள் எண்களை எப்படி வாசிப்பது?

கேள்வி: ஆய்வு மாணவி, வேதிப் பொறியியல்

அனைவருக்கும் வணக்கம். தெளிப்பு உலர்த்தியிலிருந்து (திரவத்தைத் துளிகளாகத் தெளித்துச் சூடான காற்றில் உலர்த்தும் கருவி) வரும் பால்பொடியின் ஓட்டத்தன்மை குறித்து முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். யாருடைய எழுத்துகளை முதலில் படிப்பது என்று தீர்மானிக்க, மேற்கோள் எண்ணிக்கையையும் எச்-குறியீட்டையும் வைத்து ஒரு பட்டியல் போட்டேன். உலர்த்தல் என்றால் அருண் முஜும்தார் பெயர்தான் முன்னே நிற்கிறது. ஆனால் மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளங்களில், ஒரே ஆய்வாளருக்குக் கூகுள் ஸ்காலர் ஓர் எண்ணையும் ஸ்கோபஸ் அதைவிடக் குறைந்த எண்ணையும் காட்டுகின்றன. தூள்களின் ஓட்டத்தைப் பற்றி அடிப்படைப் பணி செய்த சிலரோ பட்டியலில் மிகவும் கீழே போய்விடுகிறார்கள். இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பல்கலைக்கழக நூலகர்

எச்-குறியீட்டை 2005இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு 40 ஆகும். ஒரே ஒரு கட்டுரை 5,000 முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் இந்தக் கணக்கில் அது ஒன்றாகவே நிற்கும் என்பதைத் தாங்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

தரவுத்தளங்கள் வேறுபடுவதற்குக் காரணம், எதைக் கணக்கில் சேர்க்கின்றன என்பதே. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாம் தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், சில நூல்கள் ஆகியவற்றையே எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலரோ ஆய்வேடுகள், அறிக்கைகள், நூல்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. முஜும்தாரைப் போன்ற ஒருவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவது இயல்பு. அவர் 1978இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முதல் பன்னாட்டு உலர்த்தல் கருத்தரங்கைத் தொடங்கி வைத்தவர். 1987இல் முதற்பதிப்பு கண்ட தொழிலக உலர்த்தல் கையேட்டின் பதிப்பாசிரியர். இத்துறைக்கென்றே வெளிவரும் இதழைப் பல ஆண்டுகள் நடத்தியவர். பலர் எழுதிய இயல்களைக் கொண்ட அந்தக் கையேட்டை ஒருவர் மேற்கோள் காட்டும்போது, பெரும்பாலும் பதிப்பாசிரியரின் பெயரே அடிக்குறிப்பில் நிற்கிறது. சிதறிக் கிடந்த ஒரு துறையை ஒன்றுகூட்டிய உழைப்புக்கு அந்த எண் நியாயமான சான்று என்றே நான் கருதுகிறேன். ஒரு குறிப்பிட்ட கண்டுபிடிப்பின் செல்வாக்கை அதிலிருந்து பிரித்தெடுக்க மட்டும் முடியாது.

பதில் 2: தூள் கையாளும் ஆலைகளில் பணியாற்றும் பொறியாளர்

நூலகர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். தங்கள் பட்டியலில் சிலர் ஏன் கீழே போனார்கள் என்பதற்கு ஆண்ட்ரூ ஜெனிக்கின் பணியே போதுமான விடை. தூளைச் சேமிக்கும் குதிரின் அடிவாய் எவ்வளவு அகலமாக இருந்தால் தூள் பாலம் கட்டி அடைத்துக்கொள்ளாது, சுவர் எவ்வளவு சரிவாக இருந்தால் உள்ளிருக்கும் தூள் முழுவதும் ஒருசேர இறங்கும் என்பனவற்றைக் கணக்கிடும் முறையை அவர் 1964இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆய்வு நிலைய வெளியீடாக, 123ஆம் எண்ணிட்ட அறிக்கையாகத் தந்தார். அது ஆய்விதழ்க் கட்டுரை அன்று. அழுத்திய தூள் எவ்வளவு விசையில் நழுவத் தொடங்குகிறது என்று அளக்க அவர் வடிவமைத்த வெட்டுக் கலச் சோதனை, இன்று ஏ.எஸ்.டி.எம் என்ற தர அமைப்பின் டி6128 என்னும் தர நெறியாக இருக்கிறது. ஆலையில் அந்தச் சோதனையைச் செய்து குதிர்களை வடிவமைக்கும் பொறியாளர் எவரும் அதற்காகக் கட்டுரை எழுதி மேற்கோள் காட்டுவதில்லை.

இதற்கு நேர்மாறான நிலை உணவு உலர்த்தலில் காணப்படுகிறது. 1949இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேஜ் என்பவர் மக்காச்சோளத்தை மெல்லிய அடுக்காக உலர்த்துவது பற்றி ஒரு முதுநிலை ஆய்வேடு எழுதினார். ஈரம் நேரத்தோடு குறைவதைக் காட்ட 1921இல் லூயிஸ் தந்த படியேற்ற வாய்பாட்டில், நேரத்தின் மேல் ஓர் அடுக்கெண்ணைச் சேர்த்ததே அதன் சாரம். வாழை, மிளகாய், தக்காளி என்று எந்த விளைபொருளை உலர்த்தினாலும், கிடைத்த வளைகோட்டைப் பேஜ் சமன்பாட்டோடும் அதையொத்த பிற சமன்பாடுகளோடும் பொருத்திப் பார்த்து வெளியிடும் கட்டுரைகள் இன்றும் குவிகின்றன. அவற்றுள் பல அந்த ஆய்வேட்டைக் குறிப்பிடுகின்றன. அந்தச் சமன்பாட்டின் மாறிலிகள் சோதனை நடந்த வெப்பநிலைக்கும் அடுக்கின் தடிப்புக்கும் மட்டுமே பொருந்துவன. அவற்றை வைத்துப் பெரிய உலர்த்தியை வடிவமைக்க இயலாது. எளிய கருவி என்பதால் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் மேற்கோள் பெருகுகிறது.

தூள் பக்கத்திலும் மேற்கோளில் முன்னிற்கும் கட்டுரை இல்லாமல் இல்லை. டெரெக் கெல்டார்ட் 1973இல், துகளின் அளவையும், துகளுக்கும் அதைச் சூழ்ந்த வாயுவுக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டையும் மட்டும் கொண்டு தூள்களை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்தார். பாய்மப் படுகையை (அடியிலிருந்து வாயுவைச் செலுத்தித் தூளை நீர்போல் அசையச் செய்யும் முறை) பற்றி எழுதுபவர் எவரும் அதைத் தாண்டிப் போவதில்லை. ஆலையிலும் அது பயன்படுகிறது. மேற்கோளும் பயனும் இணைந்து செல்லும் அரிய எடுத்துக்காட்டு அது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் என் தலைப்புக்கு உரியதை எண்ணிக்கையின் துணையில்லாமல் எப்படித் தெரிந்தெடுப்பது?

பதில் 3: உலர்த்தல் ஆய்வாளர்

எண்ணிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. மேற்கோள் எந்த வாக்கியத்தில் வருகிறது என்று பாருங்கள். முன்னுரையில் ஐந்தாறு பெயர்களோடு சேர்த்து அடுக்கப்படுவது ஒரு வகை. செய்முறைப் பகுதியில், இந்த முறையைப் பின்பற்றினோம் என்று வருவது வேறு வகை. தங்கள் தலைப்பில் இரண்டாம் வகையைத் தேடினால் ரான்ஸும் மார்ஷலும் 1952இல் நீர்த்துளிகள் ஆவியாவது பற்றி எழுதிய கட்டுரை வந்து நிற்கும். தெளிப்பு உலர்த்தியின் கணினி உருவகங்களில் துளிக்கு வெப்பம் செல்லும் வேகம் பெரும்பாலும் அவர்கள் தந்த தொடர்பு வாய்பாட்டின்படியே கணக்கிடப்படுகிறது. அந்தத் தொடர்பு மென்பொருளுக்குள்ளேயே அமைந்துவிட்டதால், பலர் அவர்கள் பெயரைச் சொல்லாமலே பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே முதலில் அந்தக் கட்டுரையையும் ஜெனிக்கின் அறிக்கையையும் படியுங்கள். கெல்டார்ட் பிரிவில் பால்பொடி எங்கே விழுகிறது என்பதைத் தங்கள் மாதிரியின் துகள் அளவைக் கொண்டு தாங்களே குறித்துப் பாருங்கள். நுண்பொடியாக இருக்கும்போது சி பிரிவின் ஒட்டும் இயல்பை நெருங்கும், திரளாக்கிய பிறகு ஓட்டம் மேம்படும். முஜும்தாரின் கையேட்டில் தெளிப்பு உலர்த்தல் இயலை அதன் பின் எடுத்துக்கொண்டால், எந்த உலர்த்தி எந்தப் பொருளுக்கு ஏற்றது என்பது விளங்கும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கவும் இந்தப் பட்டியலைப் பயன்படுத்தப் போகிறீர்களென்றால், உணவு அறிவியல் இதழ்களில் எழுதுபவரையும் தூள் இயந்திரவியல் இதழ்களில் எழுதுபவரையும் ஒரே வரிசையில் வைக்க வேண்டாம். ஸ்கோபஸ் தரும் துறைசார் எடையிட்ட மேற்கோள் அளவில் 1.00 என்பது அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அதை வைத்து ஒப்பிடுங்கள்; மீள்பார்வைக் கட்டுரைகளைத் தனியே பிரித்துவிட்டு எண்ணுங்கள்.