சூடேற்றலா, வெதுகாப்பா?

அண்ணாச்சி, வணக்கம்.

சுண்டெலியை மயக்கி எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது அதன் உடம்புச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது? நம் எம்.ஆர்.ஐ. பாடத்துக்கு நீங்கள் சொன்ன 'உடல் சூடேற்றல்' எனக்கு ஒட்டவில்லை. மயக்கத்தில் கிடக்கும் சுண்டெலியை யாரும் சூடேற்றுவதில்லை. ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்து ஏறியதும் மூளை உடம்புச் சூட்டைக் கவனிக்கிற வேலையை விட்டுவிடும். தோலோர ரத்தக்குழாய்கள் விரியும், நடுக்கம்கூட வராது. இருப்பதே 25 கிராம் உடம்பு. அந்த எடைக்குத் தோல்பரப்பு ரொம்ப அதிகம். சும்மா விட்டால் 37 டிகிரி நிமிடக் கணக்கில் இறங்கிவிடும். மூச்சும் நாடியும் மந்தப்பட்டு, மூளை ரத்த ஓட்டமும் மாறிப்போனால், படத்தில் தெரிவது நாம் சோதிக்கிற மருந்தின் வேலையா குளிரின் வேலையா என்று எப்படிச் சொல்வது?

ஆக, இருக்கிற சூட்டைக் காப்பதுதான் காரியம். ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் மார்கழிப் பனியில் குட்டிகளைக் குடாப்புக்குள், அதாவது கவிழ்த்த கூடைக்குள், அடைப்பார்களே, அதுமாதிரி. 'வெதுகாப்பு' என்று வைக்கலாமா? வினைக்கு 'வெதுகாத்தல்'.

*

தம்பி, குடாப்புக்குள்ள குட்டிக்குத் தன் சூடே போதும். இங்கன வெளியேருந்துல்லா குடுக்காவ. கோழி மாதிரி. 'அடைகாப்பு'ன்னு போட்டா என்ன? 'வெது'ன்னு ஆரம்பிச்சா யாழ்ப்பாணத்துக்காரங்க வெதுப்பகத்தைத்தான், அதாம்டே பேக்கரியைத்தான், நெனப்பாவ. எலிக்கும் ரொட்டிக்கும் என்னடே சம்பந்தம்?

*

அண்ணாச்சி, ரொட்டி நல்ல அடி! ஆனால் 'அடைகாப்பு' முட்டையோடு ஒட்டிப்போன சொல். மாணவன் குஞ்சு பொரிக்கும் பெட்டியைத்தான் நினைப்பான்.

வெளிச்சூடு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். காந்தத்துக்குள் இரும்பு ஆகாது. சாதாரண மின்கம்பியைக் கொண்டுபோனால் படத்தில் இரைச்சல் விழும். அதனால் படுக்கைக்கு அடியில் குழாய் வழியே வெந்நி ஓடவிடுவார்கள், இல்லையென்றால் வெதுவெதுப்பான காற்றை ஊதுவார்கள். எலியின் ஆசனவாயில் சூடு அளக்கும் ஒளியிழை உணரி இருக்கும். அது காட்டும் அளவைப் பார்த்து, சூடு குறைந்தால் கருவி கூட்டும், கூடினால் குறைக்கும். கூடவிட்டாலும் எலிக்கு ஆபத்துதானே. 'அடைகாப்பு' என்றால் சூடு கொடுப்பது மட்டும்தான் மனசில் வரும். மேலும் கீழும் போகாமல் பார்ப்பதற்குக் 'காப்பு'தான் பொருந்துகிறது.

அந்தப் படுக்கைக்கு 'வெந்நிப் படுக்கை' என்று முதலில் எழுதினேன். காற்று ஊதும் இடத்தில் அது பொய்யாகிவிடும். 'வெதுகாப்புப் படுக்கை' என்று மாற்றிவிட்டேன்.

*

சரிடே, வெதுகாப்பு இருக்கட்டும். படுக்கையும் சரி. ஆனா பாடத்துக்குள்ள 'வெந்நி'ன்னு எழுதிராத. அச்சுப்பிழைன்னு நெனச்சு மெட்ராஸ்ல எவனாவது 'வெந்நீ'ன்னு திருத்தி, அரையுங்குறையுமா நிக்கும்.