பக்கெற் வானொலி: வெள்ளத்தில் பேச்சா, எழுத்தா?

வாவிக்கரை (கல்லடி):
அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற நாங்கள் இருவர், கல்லடியிலும் குருக்கள்மடத்திலும் இருந்துகொண்டு, மூன்று ஞாயிறுகளாக 2 மீற்றர் அலைவரிசையில் பக்கெற் வானொலி முறையில், அதாவது செய்தியைச் சிறு தரவுப் பொதிகளாக (பக்கெற்) ஆக்கி, எழுத்துச் செய்தி அனுப்பிப் பார்க்கிறோம். கைவானொலியை மடிக்கணினியுடன் இணைத்து, டயர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருளை மோடமாக வைத்திருக்கிறோம். அது எழுத்தை 1200, 2200 ஹேர்ட்ஸ் தொனிகளாக மாற்றி, செக்கனுக்கு 1200 பிற்று வேகத்தில் விடுகிறது. முதல் ஞாயிறு ஒன்றும் போய்ச் சேரவில்லை. வானொலி முழு வலுவுக்கு வருமுன்பே தரவு தொடங்கிவிட்டதால் ஒவ்வொரு பக்கெற்றும் தலையிழந்து போனது. தொடக்கத் தாமதத்தை 300 மில்லிசெக்கனிலிருந்து 500 ஆக்கிய பிறகே திரையில் எழுத்து விழுந்தது. மாரி வெள்ளத்தில் கைத்தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரி இறங்கிவிட்டால், பேச்சைவிட இந்த எழுத்து வழியே நமக்கு உதவும் என்பது என் கருத்து.

கல்முனைக் குரல்:
தம்பி, முயற்சியைக் குறை சொல்லவில்லை, முடிவைத்தான் ஏற்கவில்லை. 2004 சுனாமியின்போது நம் நாட்டு அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தொடர்பு கொடுத்தது சிற்றலையில், வாயால் பேசித்தான். பக்கெற்றில் ஒரு பிற்று பிழையானாலும் சரிபார்ப்பில் தோற்று முழுச் செய்தியும் கழிந்துவிடும். குரலிலோ பாதி இரைச்சலில் மூழ்கினாலும் மீதியைக் காது நிரப்பிக்கொள்ளும். தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கெற் வானொலியில் சிறு செய்தி அனுப்பும் ஏபிஆர்எஸ் முறையில் ஒரு செய்திக்கு 67 எழுத்துகளே எல்லை, அதுவும் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று என்ற கணக்கில். யூனிகோடின் UTF-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (எழுத்தும் அதன் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக) மூன்று பைற்று. "தண்ணீர் ஏறிவிட்டது, படகு தேவை" என்பதற்கே 79 பைற்று வேண்டும்.

வாவிக்கரை:
அண்ணன், 67 என்பது ஏபிஆர்எஸ் வகுத்த எல்லை மட்டுமே. அதன் அடியில் இருக்கும், பக்கெற்றின் அமைப்பை வகுக்கும் ஏஎக்ஸ்.25 நெறிமுறை ஒரு பக்கெற்றில் வழமையாக 256 பைற்று ஏற்கும்; நீங்கள் காட்டிய வரியை மூன்று முறை எழுதலாம். கழிந்த பக்கெற்றுக்கு ஒப்புதல் வராததால் மென்பொருள் தானே மறுபடியும் அனுப்பும். குரலில் தப்பாகக் கேட்டதைத் தானாகத் திருத்த எதுவும் இல்லை.

அக்கரைப்பற்று மாணவன்:
தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் எழுத்துக்கு ஒரு பைற்றுத்தானே, நானா?

கல்முனைக் குரல்:
வலி, வழி, வளி மூன்றும் அப்போது vali என்ற ஒரே எழுத்துக்கோவையாகிவிடலாம். "வழி இல்லை" என்று நீங்கள் அனுப்பியதை வைத்தியசாலையில் இருப்பவர் "வலி இல்லை" என்று படித்து நிம்மதியாக இருந்துவிடுவார். தவிர, அமெச்சூர் அலைவரிசையில் செய்தியைக் குறியாக்கி மறைக்க இடமில்லை. நோயாளியின் பெயரை அனுப்பினால் ஊரே படிக்கும். வாயால் சொன்னாலும் அதுதான் கதி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாவிக்கரை:
அப்படியானால் தமிழ் எழுத்திலேயே அனுப்புவோம். பெயருக்குப் பதில் கட்டில் இலக்கம் போதும். என் உண்மையான கவலை தூரம். இரு முனைகளிலும் அன்ரெனா 10 மீற்றர் உயரத்தில் நின்றால் வானொலித் தொடுவானம் (அலை நேராக எட்டும் எல்லை) ஏறத்தாழ 26 கிலோமீற்றர். கல்லடியிலிருந்து கல்முனை அதற்கு அப்பால். இடையே குருக்கள்மடத்தில் இருப்பவர் தமது கணினியை, கேட்டதைத் திரும்ப அனுப்பும் மறு ஒலிபரப்பியாக வைக்கச் சம்மதித்துவிட்டார். அடுத்த ஞாயிறு உங்கள் கூரையில் கம்பியை ஏற்றுவீர்களா?

கல்முனைக் குரல்:
ஏற்றுகிறேன். ஆனால் ஒலிவாங்கியும் பக்கத்தில் இருக்கும்.