செய்முறையை இலங்கைப் பங்காளரிடம் கொடுக்கும் முன்: நம் ஒப்பந்தம் அங்கே காவலாகுமா?

கேள்வி (பொள்ளாச்சி, தென்னை நார்க்கழிவு ஏற்றுமதியாளர்):

அனைவருக்கும் வணக்கம். நார்க்கழிவைக் கழுவிப் பதப்படுத்தி, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறோம். அதில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து நீக்குவது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் எந்தப் பருவத்து மட்டைக்கு எந்தச் செறிவு, எத்தனை மணி நேரம் என்று பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்து எழுதிய அட்டவணைதான் எங்கள் பிழைப்பு. முன்பு ஒரு மேற்பார்வையாளர் விலகிச் சென்ற சில மாதங்களில் வேறோர் ஆலையிலிருந்து அதே தரத்தில் சரக்கு வந்தது. எங்களால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. இப்போது குருநாகலில் ஒருவருடன் கூட்டாகத் தொழில் தொடங்கவிருக்கிறோம். கோவையில் எழுதும் ஒப்பந்தம் அங்கே போதுமா?

பதில் 1 (வழக்கறிஞர், கோயம்புத்தூர்):

இந்தியாவில் வணிக இரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தையும், நம்பிக்கை மீறல் குறித்து நீதிமன்றங்கள் வளர்த்த கொள்கையையும் கொண்டே வழக்கு நடத்துகிறோம். 2024-இல் சட்ட ஆணையம் தனது 289-ஆவது அறிக்கையில் ஒரு மசோதா வரைவை முன்வைத்தது என்றாலும், வரைவை வைத்து வழக்குப் போட முடியாது. வேலையை விட்டபின் மூன்று ஆண்டுகள் இதே தொழிலுக்குப் போகக்கூடாது என்று எழுதி வாங்குவதைப் பலரும் பெரிய பாதுகாப்பாக எண்ணுகிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி அது செல்லாது. பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு செல்லும் என்று 1967-இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே ஆளைத் தடுப்பதை விட்டு, எந்தத் தகவல் இரகசியம் என்பதைத் தெளிவாக எழுதி, அதை வெளியிடக்கூடாது என்று கட்டுப்படுத்துங்கள்.

பதில் 2 (சட்டத்தரணி, கொழும்பு):

இந்த விடயத்தில் இலங்கையின் நிலை எழுத்தில் தெளிவானது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160-ஆவது பிரிவு, வெளிப்படுத்தப்படாத தகவலை உரியவரின் சம்மதமின்றிப் பெறுவதையும் பயன்படுத்துவதையும் நேர்மையற்ற போட்டியாகக் கருதுகிறது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத மூன்றாம் நபர்கூட, அது களவாகக் கிடைத்தது என்று அறிந்தே வாங்கினால் பொறுப்பாளி ஆவார். தகவல் கசிவது குருநாகலில் என்றால் அவசரத் தடையுத்தரவையும் இங்கேதான் கோர வேண்டும். கோவையில் பெறும் உத்தரவைக் கொண்டு இங்குள்ள தொட்டியை நிறுத்த முடியாது. இழப்பீட்டுப் பிணக்குகளுக்குச் சிங்கப்பூரை நடுவர் தீர்ப்புக்கான இடமாக எழுதலாம். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் மூன்று நாடுகளும் இருப்பதால் அந்தத் தீர்ப்பை இரு கரையிலும் நிறைவேற்ற வழியுண்டு. ஆனால் இரகசியமாக வைத்திருக்க நீங்கள் நியாயமான நடவடிக்கை எடுத்தீர்களா என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். அந்த அட்டவணை இப்போது எங்கே இருக்கிறது?

கேள்வி கேட்டவர்:

உண்மையைச் சொல்கிறேன் ஐயா. ஊறல் தொட்டிக்கு அருகே, சுவரில் அடித்த ஆணியில் நோட்டாகத் தொங்குகிறது. ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் புரட்டிப் பார்த்துத்தான் மருந்து கலக்கிறார்கள்.

பதில் 1 (வழக்கறிஞர், கோயம்புத்தூர்):

அப்படியானால் ஒப்பந்தத்துக்கு முன் அந்த ஆணியைப் பிடுங்குங்கள். நோட்டைப் பூட்டில் வைத்து, யார் எப்போது பார்த்தார் என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். கலவையை நீங்களே எடைபோட்டு, எண் மட்டும் இட்ட பைகளில் கொடுத்தால், தொட்டியருகே நிற்பவருக்கு எண்ணும் ஊறும் நேரமும் தெரிந்தால் போதும். குருநாகலுக்கும் முதல் ஆண்டு அந்தப் பைகளே போகட்டும். அட்டவணை போக வேண்டாம்.