12 லட்சம் கட்டி பெங்களூரா, கவுன்சலிங் சீட்ல கோயமுத்தூரா?

உடுமலைத்_தோப்பு:
பிகாம் முடிச்சுட்டு திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சண்டைசரா இருக்கேனுங்க. எம்பிஏ சேர்றதுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதுனேன். வந்திருக்கற மார்க்குக்கு கவுன்சலிங்குல கோயமுத்தூர்லயே அரசு கல்லூரி சீட்டு கிடைக்கும்போல. ரெண்டு வருசத்துக்கும் சேத்து ஒன்றரை லட்சம் தாண்டாது. இன்னொரு பக்கம், பெங்களூர்ல ஒரு தனியார் பி-ஸ்கூல்ல, அதாவது மேனேஜ்மென்ட் காலேஜ்ல, பிஜிடிஎம் சீட்டு. எம்பிஏ மாதிரி டிப்ளமோ அது. பீஸ் 12 லட்சம், ஹாஸ்டல் தனி. எடம் போயிருமேன்னு 50,000 கட்டி வெச்சிருக்கேன். தோப்ப அடமானம் வெச்சாவது படிக்க வெக்கறேன்ங்கறார் அப்பா. அம்மாவுக்கு ஒரே வெசனம். ஒறம்பரைல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. இங்க இருக்கறவங்க என்ன சொல்றீங்க?

ஆடிட்டர்_ஆபீஸ்_ஈரோடு:
தம்பி, மொதல்ல கணக்கப் போட்டுருவோம். 12 லட்சமும் கடன், வட்டி 10%, வருசத்துக்கு 6 லட்சமா பேங்குல குடுக்கறாங்கன்னு வெச்சுக்கங்க. படிக்கற ரெண்டு வருசமும் அதுக்கப்பறம் ஒரு வருசமும் தவணை கிடையாது, ஆனா வட்டி ஓடும். மொத 6 லட்சத்துக்கு மூணு வருசம், அடுத்ததுக்கு ரெண்டு வருசம்னு தனிவட்டியே 3 லட்சம். ஆக 15 லட்சம். அதைப் பத்து வருசத்துல கட்டுனா மாசம் 19,800 சொச்சம். கட்டி முடிக்கறப்போ கிட்டத்தட்ட 23.8 லட்சம் போயிருக்கும். கல்விக்கடன் வட்டிக்கு வரிக்கழிவு உண்டு, ஆனா பழைய வரிமுறைல இருந்தாத்தான்.

தோப்ப வெக்கறதுலயும் சிக்கல் இருக்கு. பொதுவா ஏழரை லட்சத்துக்கு மேல போனா பேங்க் சொத்து ஜாமீன் கேக்கும். கடன் நின்னா கோர்ட்டுக்குப் போகாமயே பேங்க் சொத்த எடுக்க வழி பண்ற சர்பாசி சட்டத்துக்குள்ள விவசாய நெலம் வராது, அதனால தோப்புப் பத்திரத்தை நீட்டுனா மேனேஜர் மூஞ்சியச் சுளிப்பார். வீட்டுப் பத்திரம் இருக்கான்னு கேப்பார். அதைக் குடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா நல்லா ரோசனை பண்ணுங்க.

பீளமேடு_டு_பெல்லந்தூர்:
ஆடிட்டர் அண்ணன் செலவுக் கணக்க மட்டும் போட்டுட்டு எந்திரிச்சுட்டார். வரவு எங்கீங்க? நானும் தனியார்ல படிச்சவன்தான். எங்க கேம்பசுக்கு சோப்பு, பிஸ்கட் விக்கற பெரிய கம்பெனிகளும் வந்தாங்க, பேங்குகளும் வந்தாங்க. அவங்க ஒரு அரசு கல்லூரி வாசல்ல வந்து நின்னு நான் பாத்ததில்ல. அரசு கல்லூரில வாத்தியார் எடமெல்லாம் காலியாக் கெடக்கும், கெஸ்ட் லெக்சரர வெச்சு ஓட்டுவாங்க. பிளேஸ்மென்ட் செல்லுனா ஒரு நோட்டீஸ் போர்டு. கூடப் படிக்கறவங்க முக்காவாசிப் பேரு வேலைக்கே போகாத பசங்க. ரெண்டு வருசமும் அதே செமினார், அதே ஜெராக்ஸ் நோட்ஸ். ஒன்றரை லட்சத்துல முடியும்னு சொல்றீங்க, வயசுல ரெண்டு வருசம் போகுதே, அதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?

ஆடிட்டர்_ஆபீஸ்_ஈரோடு:
நீங்க படிச்ச எடத்தோட கதை அது. தம்பிக்குக் கெடச்சிருக்கறது அந்த மாதிரி எடம்தானா?

சேலத்து_மாம்பழம்:
நீங்க ரெண்டு பேருமே தப்பான வரப்புல நின்னு சண்டை போடறீங்க. டெல்லி பல்கலைக்கழகத்தோட எஃப்எம்எஸ்ங்கற மேனேஜ்மென்ட் காலேஜ் அரசுதான், ரெண்டு மூணு லட்சத்துல முடிஞ்சிரும், நாட்டுலயே முன்னணி. திருச்சி ஐஐஎம்மும் அரசுதான், 2011ல ஆரம்பிச்சது, பீஸ் 20 லட்சத்தை ஒட்டி வரும். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ தனியார், 25 லட்சத்துக்கு மேல, ஆனா 1949லருந்து சம்பாதிச்ச பேரு. அதனால அரசா தனியாரான்னு பாக்கறத விடுங்க. பெங்களூர்ல தெருவுக்கு ஒரு பி-ஸ்கூல், எல்லாமே எக்ஸ்எல்ஆர்ஐ ஆயிருமா?

தம்பி, ஒரு வேலை பண்ணுங்க. அந்த ஸ்கூல் என்ஐஆர்எஃப்ங்கற மத்திய அரசோட தரவரிசைல கலந்துக்கிட்டிருந்தா, அவங்க குடுத்த தகவல் அவங்க வெப்சைட்லயே இருக்கணும். எத்தன பேர் முடிச்சாங்க, எத்தன பேருக்கு வேலை, நடுமட்டச் சம்பளம் (மீடியன்) எவ்வளவுன்னு அதுல வரும். பேனர்ல போடற உச்ச சம்பளம் யாரோ ஒருத்தருக்கு வந்தது. அதை நம்பி வீட்டுப் பத்திரத்த எடுக்காதீங்க.

மோட்டார்_பட்டறை:
கோயமுத்தூர் கணபதில பம்பு செய்யறோமுங்க. எம்பிஏ பசங்களை வேலைக்கு எடுக்கற ஆளுங்கற முறைல சொல்றேன். காலேஜ் பேரை நான் கேக்கறதில்ல. டீலர்கிட்ட நிக்கற பாக்கிய எப்படி வசூல் பண்ணுவே, அடக்கவெலைக் கணக்கு (காஸ்டிங்) போடத் தெரியுமா, ஜிஎஸ்டி ரிட்டர்ன் பாத்திருக்கியா, இவ்வளவுதான். கல்விக்கடனோட வர்றவன் ஒரு வருசத்துல ஓடிர்றான். 5,000 எச்சாக் கெடைக்கற எடம் எங்கயோ, அங்க. அவனைக் குத்தம் சொல்ல முடியாதுங்க, தவணை தொரத்துது. திருப்பூர்ல ஆர்டர் எடுத்த அனுபவம் இருக்கற பையன் அரசு கல்லூரில படிச்சுட்டு வந்தா, நான் எந்திரிச்சுப் போய் கூப்புடுவேன்.

பீளமேடு_டு_பெல்லந்தூர்:
எந்திரிச்சுப் போய் எவ்வளவு குடுப்பீங்கண்ணா?

மோட்டார்_பட்டறை:
ஆரம்பத்துல 28,000.

பீளமேடு_டு_பெல்லந்தூர்:
அப்ப அவன் ஏனுங்க ஓட மாட்டான்? கடன் இல்லாதவனும்தான் ஓடுவான். கம்மிச் சம்பளத்துக்கு ஆள் வேணும்ங்கறதுக்காகக் கம்மி பீஸ் காலேஜுக்குப் போங்கறீங்க.

மோட்டார்_பட்டறை:
வாடகை, பஸ்ஸு, சோறு எல்லாம் போக பெங்களூர் பெல்லந்தூர்ல மாசக் கடைசில கையில என்ன நிக்குதுன்னு நீங்களும் சொல்லுங்க, ஒப்பிட்டுப் பாப்போம். எங்ககிட்ட அஞ்சு வருசம் இருந்தவன் ஏரியா மேனேஜர், சம்பளம் அப்படியே இருக்காது. பாதிப் பேரு தொழில் கத்துக்கிட்டு சொந்தமா யூனிட் போட்டுட்டாங்க. அதுல ரெண்டு பேரு எனக்கே போட்டி.

உடுமலைத்_தோப்பு:
சேலத்து அக்கா சொன்னதப் பாத்தேன். வெப்சைட்ல என்ஐஆர்எஃப்னு எதுவுமே இல்ல. போன் போட்டு நடுமட்டச் சம்பளம் கேட்டேன். "ஹையஸ்ட் பேக்கேஜ் 18 லட்சம் சார், சீட்டு ரெண்டுதான் பாக்கி"ன்னாங்க. திருப்பிக் கேட்டதுக்கு, "பிளேஸ்மென்டுக்குத் தகுதியான மாணவர்கள்ல நூறு சதவீதம்"னு பதில். தகுதின்னா என்னன்னு கேட்டா லைன கட் பண்ணீட்டாங்க. எனக்கு பெங்களூர் போகணும்னு ஆசைதான், மறைக்கல. ஆனா ரெண்டு வருசமா வெள்ளை ஈ விழுந்து தோப்புல காய்ப்பே இல்லீங்க. அப்பா அதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறார்.

பீளமேடு_டு_பெல்லந்தூர்:
லைன கட் பண்ற ஸ்கூலுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன், அதை விட்டுருங்க. அதுக்காக உடனே அரசு சீட்டுல போய் உக்காரவும் வேண்டாம். இன்னொரு வருசம் வேலைல இருந்துக்கிட்டே நவம்பர்ல கேட் (CAT, ஐஐஎம் மாதிரி எடங்களுக்கான நுழைவுத் தேர்வு) எழுதுங்க. மெர்ச்சண்டைசிங் அனுபவத்துக்கு நல்ல எடத்துல மதிப்பு உண்டு. அப்படி ஒரு எடத்துக்கு 20 லட்சம் கட்டுனாலும் திரும்பி வரும்னுதான் இப்பவும் சொல்லுவேன்.

சேலத்து_மாம்பழம்:
நடுவுல இன்னொரு வழியும் இருக்கு. தனியார் காலேஜ்லயும் அரசு ஒதுக்கீட்டு சீட்டு உண்டு, அதே டான்செட் கவுன்சலிங்குலதான் வரும், மேனேஜ்மென்ட் கோட்டா அளவுக்குப் பணம் ஆகாது. கோயமுத்தூர், பெருந்துறைப் பக்கம் வேலைவாய்ப்பு நல்லா இருக்கற காலேஜ் நாலஞ்சு இருக்கு. அங்க இப்பப் படிக்கற பசங்க ரெண்டு பேரைப் புடிச்சு, சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு எங்க போனீங்கன்னு கேளுங்க. கவுன்சலிங் நடத்தறது கோயமுத்தூர் தடாகம் ரோட்ல இருக்கற அரசு தொழில்நுட்பக் கல்லூரிதான் (ஜிசிடி), சந்தேகம்னா நேர்லயே போய்க் கேக்கலாம்.

ஆடிட்டர்_ஆபீஸ்_ஈரோடு:
ஒரு வருசம் காத்திருக்கறதுல எனக்கு உடன்பாடில்ல. கேட்ல எத்தன பெர்சன்டைல் வரும்னு யாருக்குத் தெரியும்? கையில இருக்கற சீட்ட எடுங்க, கடனில்லாம வெளிய வாங்க. அப்பறம் அந்த 50,000. வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னால வெலகுனா, அதிகபட்சம் 1,000 ரூபா புடிச்சுக்கிட்டு மீதியத் திருப்பித் தரணும்ங்கறது, இந்த மாதிரி காலேஜுக்கு அனுமதி குடுக்கற ஏஐசிடிஇயோட விதி. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் புடிச்சு வெக்கக்கூடாது. மொதல்ல மெயில்ல எழுதிக் கேளுங்க, போன்ல பேசுனா ஆதாரம் நிக்காது.

உடுமலைத்_தோப்பு:
டிசி மட்டும் அங்க இருக்குதுங்க. இப்பவே மெயில் போட்டர்றேன், திங்கக்கெழம நேர்ல போறேன்.

பீளமேடு_டு_பெல்லந்தூர்:
வந்தா கூப்புடுங்க தம்பி. என்னோட பழைய கேட் புஸ்தகம் ஒரு பொட்டி இருக்கு. ஆடிட்டர் அண்ணனுக்குத் தெரியாம எடுத்துக்கிட்டுப் போங்க.